நட்டவர் சென்ற பின்

கைம்மாறு கருதாது பிறர் நிலத்தில் உழைப்பதைச் சிரமதானம் என்பர். பொருளைக் கொடுப்பது போல உடலுழைப்பையே கொடையாக அளிப்பது இது. இக்கொடை நாடுகளின் எல்லைகளையும் கடந்தது. முதல் உலகப் போரில் அழிந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரைச் சீர்செய்வதற்காக, 1920-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரசோல் பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டினார். அவரே 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் நம் நாட்டிற்கும் வந்து உழைத்தார். 1971-இல் இங்கிலாந்தில் சூ காப்பர்டு என்னும் பெண்மணி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். நகரத்தார் இயற்கை வேளாண் பண்ணைகளில் வேலை செய்து, கூலிக்குப் பதிலாக உணவும் உறைவிடமும் பெறும் முறையை அது உலகெங்கும் பரப்பியது.

ஆனால் தொண்டர் என்றேனும் ஒருநாள் ஊர் திரும்புவார்; அவர் நட்ட கன்று அங்கேயே நிற்கும். அடுத்த கோடையில் அதற்கு நீர் வார்ப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் புனேயை அடுத்த ஊர் ஒன்றில் வாழ்ந்தார்.

புனேக்குக் கிழக்கே, சோலாப்பூர்ச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உருளிகாஞ்சன் உள்ளது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த வறண்ட நிலப்பகுதி. 1946-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் அங்குத் தங்கி, ஏழைகளுக்கு இயற்கை மருத்துவம் அளித்தார். அப்பணியைத் தொடரும் பொறுப்பை, குஜராத்தின் சூரத்து மாவட்டத்திலிருந்து வந்த மணிபாய் தேசாய் என்னும் இளம் பட்டதாரி ஏற்றார். ஊரும் புதிது, மொழியும் புதிது. வாழ்நாள் முழுவதையும் உருளிக்கே அளிப்பதென அவர் உறுதி பூண்டார். நோய்க்கு மருந்து தருவதோடு வறுமைக்கும் மருந்து தேட வேண்டும் எனக் கண்டு, வேளாண்மையிலும் கறவை மாடு வளர்ப்பிலும் இறங்கினார். 1967-இல் அவர் நிறுவிய அமைப்பே இன்று பாயிஃப் எனப் பெயர் பெற்றுப் புனேயில் தலைமையகம் கொண்டு இயங்குகிறது. 1982-இல் மகசேசே விருது பெற்ற அவர், 1993-இல் மறைந்தார்.

அவ்வமைப்பு தெற்குக் குஜராத்தின் வான்ஸ்தா பகுதிப் பழங்குடி மக்களிடையே, 1980-களின் தொடக்கத்தில், ‘வாடி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. குஜராத்தியில் வாடி என்பது சிறு தோட்டம். விறகுவாடி, மரவாடி என்று வழங்கும் நமக்கும் இச்சொல் அந்நியமன்று. அப்பகுதியில் மழைக்காலப் பயிர் முடிந்ததும் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூலி தேடி வெளியூர் செல்வது வழக்கம். அவர்களை ஊரிலேயே நிலைக்கச் செய்வதே நோக்கம்.

திட்டத்தின் நுட்பம் அதன் அளவிலேயே உள்ளது. ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர். அதுவும் அக்குடும்பத்தின் சொந்த நிலமே. ஒட்டுமாங்கன்றுகளைப் பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் 40 நிற்கும். அத்தனைக்கும் ஒரு குடும்பமே குடத்தில் நீர் சுமந்து வார்த்துவிட முடியும். கோடையில் குழி வெட்டி, எருவும் மண்ணும் இட்டு நிரப்பி, மழை தொடங்கியதும் நடுவர். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி மழைநீரைத் தேக்குவர். வேலியோரத்து மரங்கள் காற்றைத் தடுத்து, விறகும் தீவனமும் தரும். மாமரம் பயன் தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை மரங்களின் இடையே பயிராகும் காய்கறியும் பருப்பும் வீட்டு அடுப்பைக் காக்கும். அமைப்பினர் கன்றும் பயிற்சியும் உதவியும் அளிப்பர். குழி வெட்டுவதும் நீர் வார்ப்பதும் காவல் காப்பதும் குடும்பத்தின் கடமை. ஆகவே உதவியாளர் விலகினாலும் தோட்டம் அனாதையாவதில்லை. இம்முறையைத் தழுவியே 2003-04-ஆம் ஆண்டில் தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி, பழங்குடியினர் மேம்பாட்டுக்கெனத் தனி நிதி அமைத்து, பல மாநிலங்களுக்கும் இதை விரித்தது.

நம் இளைஞர் பலர் விடுமுறையில் வெளிமாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்று இத்தகைய தொண்டில் ஈடுபட விழைகின்றனர். விருப்பம் பாராட்டத்தக்கது. மண்வெட்டியைத் தொடுமுன் அவர்கள் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். நிலம் யாருடையது? கோடையில் நீர் எங்கிருந்து வரும்? ஆடுமாடுகள் எவ்வழியே மேய வரும்? அவ்வூர்ப் பெண்கள் எந்த மரத்தை விரும்புகின்றனர்? நீர்க்குடம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தானே ஏறுகிறது! இவற்றைக் கேட்க அவ்வூர் மொழியில் சில சொற்களேனும் தெரிந்திருத்தல் நலம்.

எத்தனை கன்றுகள் நட்டோம் என்று எண்ணுவது எளிது. மூன்றாம் கோடையைக் கடந்து எத்தனை நிற்கின்றன, அவற்றை எவர் தம்முடையவை என்கின்றனர் என்பதே தொண்டின் உண்மையான கணக்கு.