கணக்குப்பிள்ளையின் கறுப்புத் திரை

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. கல்லாவில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு விண்டோஸ் 11 போட்ட புதியதை வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே எனக்கு போன். "தம்பி, எஃப்2 அழுத்தினா பில்லு வரமாட்டேங்குதுங்க. பேரு போடற எடத்துல ஏதோ நம்பரு விழுகுதுங்க." பேசியவர் கணக்குப்பிள்ளை. 25 வருடமாக அதே சாப்ட்வேரில் கணக்குப் போடுகிறவர்.

போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் விரலி, கிழங்கு, மூட்டை, எடை, கமிஷன் எல்லாம் இருந்தன. கட்டம் கட்டிய கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள். எஃப்2வைத் தட்டினால் விவசாயி பெயருக்கான இடத்தில் [12~ என்று விழுந்தது. "பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதி வாங்கிரலாமுங்களா?" என்றார் முதலாளி. அவசரப்பட வேண்டாம் என்றேன்.

அந்த சாப்ட்வேர் கல்லாக் கம்ப்யூட்டரில் ஓடவே இல்லை. ஓடுவது உள்ளறையில் இருக்கும் ஸ்கோ யூனிக்ஸ் சர்வரில். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கும் முன்பு கல்லாவில் இருந்தது டெர்மினல்: ஒரு திரை, ஒரு கீபோர்டு, சர்வருக்குப் போகும் ஒயர். அந்த வகையில் பேர்போனது டிஇசி நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100. வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. எழுத்துகள் போகிற அதே ஒயரில்தான் கட்டளையும் போகும். 27ஆம் எண் கொண்ட எஸ்கேப் குறி வந்து, பின்னால் [2ஜே என்று வந்தால், திரையைத் துடை என்று அர்த்தம். இன்றைய கம்ப்யூட்டர் டெர்மினல் போல நடிக்க வேண்டுமென்றால் இந்தப் பாஷையைப் பேசினால் போதும்.

எக்ஸ்பி வரை விண்டோஸோடு அப்படி நடிக்கும் ஹைப்பர்டெர்மினல் வந்தது. விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள். நெட்வொர்க் வழியே சர்வரோடு பேசும் டெல்நெட்டையும் நாமாகத் தேடி இயக்கினால்தான் உண்டு. அந்தக் குறையைத் தீர்ப்பது, சைமன் டாட்டம் 1999 முதல் இலவசமாகத் தந்துவரும் புட்டி. இந்த மண்டியிலும் அதுதான் இருந்தது. ஆனால் அதன் பாஷையில் கொஞ்சம் வட்டார வழக்கு மாறியிருந்தது. எஃப்2 என்றால் ஸ்கோ எதிர்பார்ப்பது எஸ்கேப், [, என். புட்டி அனுப்பியது எஸ்கேப், [12~. சர்வருக்கு அது பிடிபடாமல், மிச்சத்தை விவசாயியின் பெயராக எழுதிவிட்டது.

மூன்று இடத்தில் மாற்றினேன். கீபோர்டு பகுதியில் ஃபங்ஷன் கீயை ஸ்கோ என்றும், பேக்ஸ்பேஸை கன்ட்ரோல்-எச் என்றும் வைத்தேன். எழுத்து வகையை யுடிஎஃப்-8இலிருந்து சிபி437க்கு மாற்றினேன். கட்டங்கள் நேராகி நின்றன.

ஒரு வேலை பாக்கி இருந்தது. டெல்நெட்டில் பாஸ்வேர்டு மூடாத கடிதம் மாதிரி போகும்; அதே நெட்வொர்க்கில் இருப்பவர் படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பாஸ்வேர்டுகள் திருடு போன பிறகுதான், 1995இல் டாட்டு யிலோனென், எல்லாவற்றையும் மூடி அனுப்பும் எஸ்எஸ்எச் எழுதினார். பழைய சர்வரில் எஸ்எஸ்எச் கிடையாது. அதனால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை வைத்தேன். கல்லாவிலிருந்து பெட்டி வரை எஸ்எஸ்எச். அங்கிருந்து சர்வருக்கு ஒரு முழ ஒயரில் டெல்நெட். சர்வரை வேறு எந்த ஒயரோடும் சேர்க்கவில்லை.

டாஸில் ஓடிய பழைய 16 பிட் சாப்ட்வேருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. 64 பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்று வேண்டும். ஆனால் வேலை சர்வரில் நடந்து, நம் மேஜையில் திரை மட்டும் இருக்கிறதென்றால், புதுக் கம்ப்யூட்டர் வந்ததற்காக நல்ல சாப்ட்வேரைக் கைவிடாதீர்கள். கணக்கு அறிந்த ஒருவர் பல வருடம் பார்த்துப் பார்த்துத் திருத்தியது அது. ஹார்ட்டிஸ்க்கும் சர்வரும் பழையவை என்பதால், தினமும் பேக்கப் எடுப்பது மட்டும் கட்டாயம்.

கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. எஃப்2, பெயர், மூட்டை, எடை. பிரிண்டர் இரைந்தது. மாற்றிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டினேன். அவர் அதைப் பார்த்து, தன் பேரேட்டின் கடைசிப் பக்கத்திலும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.