சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடம்: புள்ளிகள் எங்கே தவறிப் போகின்றன?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானால் இரண்டு மூன்று நாட்களுக்கு நமது ஊர்களின் முகநூல் பக்கங்கள் ஒன்பது ஏ பெற்ற பிள்ளைகளின் படங்களால் நிறைந்துவிடும். சந்தியில் பதாகை தொங்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வாழ்த்துச் செய்தி வெளியிடும். மகிழ்ச்சியான விடயம்தான். ஆனால் அதே பெறுபேற்றுப் பட்டியலை அதிபரின் மேசையில் விரித்து வைத்துப் பாடவாரியாகப் பார்க்கும்போது ஆசிரியர்களாகிய நாம் ஓர் இடத்தில் நின்று விடுகிறோம். கணிதத்தில் பீ, விஞ்ஞானத்தில் சீ, வரலாற்றில் ஏ எடுத்த பிள்ளை, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் எஸ் எடுத்திருக்கும். இப்படி ஒன்றிரண்டு அல்ல.

"எந்நேரமும் போனும் கையுமா இருக்கிற புள்ள சேர், கம்பியூட்டர் பாடத்துல எப்பிடி எஸ் வந்த?" என்று வாப்பாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடையும் இருக்கிறது. போன் பாவிப்பது வேறு, இந்தப் பாடம் வேறு. போனில் விரலால் தட்டத் தெரிந்த பிள்ளை இந்தப் பாடத்தை இலகுவான ஏ என்று நினைத்துத் தெரிவு செய்கிறது. மூன்றாம் தொகுதியில் சுகாதாரமும் உடற்கல்வியும், விவசாயம், மனைப்பொருளியல், ஊடகக் கல்வி என்று வேறு பாடங்களும் இருக்க, ஐ.சி.டி.யைத் தெரிவு செய்யும் பிள்ளைகளில் பலர் பாடநூலின் பொருளடக்கத்தைக் கூடப் பார்த்ததில்லை.

முதலில் இந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பரீட்சை மண்டபத்தில் கணினி இருக்காது. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செயன்முறைப் பரீட்சை உண்டு. கணினிப் பாடத்துக்கு இல்லை! எல்லாமே கடதாசியும் பேனாவும்தான். முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் பத்திரத்துக்கு இரண்டு மணித்தியாலங்கள். அதில் ஏழு வினாக்கள். முதலாவது கட்டாயம், அதற்கு 20 புள்ளிகள். மிகுதி ஆறில் விரும்பிய நான்கு, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள். மொத்தம் நூறு.

இப்போது ஒரு நடுத்தர மாணவனின் கணக்கைப் பார்ப்போம். பல்தேர்வில் 22, கட்டாய வினாவில் 8, மற்றைய நான்கு வினாக்களிலும் தலா 4. கூட்டினால் 46. சீ எடுக்க 50 வேண்டும் என்பதால் இவனுக்குக் கிடைப்பது எஸ். வெறும் நான்கு புள்ளி வித்தியாசம். கட்டாய வினா தரம் 10, தரம் 11 இரண்டின் பாடப்பரப்பிலிருந்தும் துண்டு துண்டாகக் கேட்கப்படுவது. தரம் 10 புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வருகிற பிள்ளைக்கு அந்த 20 புள்ளிகளில் பாதி கிடைப்பதே கஷ்டம்.

விடைத்தாள்களைத் திருத்தும்போது புள்ளிகள் போகிற இடங்கள் திரும்பத் திரும்ப அதே இடங்கள்தான் என்பது தெரியும். எண் முறைமையை எடுத்துக்கொள்வோம். தசம எண்ணைத் துவித எண்ணாக மாற்ற, இரண்டால் வகுத்துக்கொண்டு போய் மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். வகுப்பில் 45 என்ற எண்ணைக் கரும்பலகையில் செய்து காட்டினால் 101101 வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 101101 என்பதை மேலிருந்து வாசித்தாலும் கீழிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். பிழையான திசையில் எழுதிய பிள்ளைக்கும் சரி போடப்படும். அடுத்த எண்ணாக 44ஐக் கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 101100. திசை மாறினால் 001101, அதாவது 13. அந்தப் பிள்ளை முதல் கணக்கில் கற்றது என்ன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். மாற்றிய விடையை மீண்டும் தசமமாக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அரை நிமிடத்தில் பிள்ளை தானே பிடித்துவிடும். கணிதத்தில் "சரிபார்" என்று சொல்லிக் கொடுக்கிறோம், இங்கே சொல்வதில்லை.

தருக்கப் படலைகளில் பெரிய பிரச்சினை இல்லை. மூன்று உள்ளீடுகள் வந்தால் மெய்நிலை அட்டவணையில் எட்டு வரிசைகள் வர வேண்டும் என்பதை மறக்காவிட்டால் போதும்.

உண்மையான சரிவு பாய்ச்சற் கோட்டுப்படத்திலும் போலிக் குறிமுறையிலும்தான். செய்நிரல் வினாவைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிடும் பிள்ளைகள் ஏராளம். விரும்பிய நான்கைச் செய்யலாம் என்ற சலுகை இருப்பதால் இதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பல்தேர்விலும் கட்டாய வினாவிலும் அது வேறு உருவத்தில் வந்து நிற்கும். ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். "மொத்தம்" என்ற மாறியில் 0, "எண்" என்ற மாறியில் 1. எண் 5ஐ விடச் சிறிதாக இருக்கும் வரை, மொத்தத்தோடு எண்ணைக் கூட்டி, எண்ணை ஒன்றால் அதிகரிக்க வேண்டும். இறுதியில் மொத்தம் எவ்வளவு? வகுப்பில் கேட்டால் பெரும்பாலானோர் 15 என்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் 15 என்பது மனப்பாடம். ஆனால் "சிறிதாக" என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது, "சிறிதாக அல்லது சமனாக" என்று இல்லை. எண் 5 ஆனதும் சுற்று நின்றுவிடும். விடை 10.

இதைப் பிடிப்பதற்குத் திறமை தேவையில்லை. ஒரு சிறிய அட்டவணை வரைந்து, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மாறிகளின் பெறுமானங்களையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும். கடையில் கடன் கொப்பி எழுதுவது மாதிரி. நமது பிள்ளைகள் பலர் வாப்பாவின் கடையில் விடுமுறை நாட்களில் நிற்பவர்கள். பற்று வரவு எழுதத் தெரிந்தவர்கள். ஆனாலும் பரீட்சையில் அந்த அட்டவணையை வரையாமல் மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து விடை எழுதுகிறார்கள். நேரம் மிச்சம் என்று நினைப்பு.

விரிதாள் வினா இன்னொரு விதமான சோகம். கணினியில் விரிதாளைத் திறந்து மாதச் செலவுக் கணக்கை அழகாகச் செய்யும் பிள்ளை, கடதாசியில் சூத்திரம் எழுதும்போது முன்னால் வரும் சம அடையாளத்தை விட்டுவிடும். கணினியில் அதை விட்டால் கணக்கு வராது, உடனே திருத்தலாம். கடதாசி ஒன்றும் சொல்லாது. அதேபோல் கழிவு வீதத்தை ஒரே ஒரு கலத்தில் வைத்து எல்லாப் பொருட்களுக்கும் கணக்கிட வேண்டுமென்றால், சூத்திரத்தைக் கீழ்நோக்கிப் பிரதி செய்யும்போது அந்தக் கலத்தின் முகவரி நகராமல் இருக்க டொலர் குறி இட வேண்டும். ஏன் இட வேண்டும் என்பதை ஒரு தடவை கணினியில் பிழைவிட்டுப் பார்த்த பிள்ளை மறக்காது. கரும்பலகையில் மட்டும் பார்த்த பிள்ளை மறந்துவிடும்.

தரவுத்தளத்தில் முதன்மைச் சாவி எது என்று கேட்டால் "மாணவர் பெயர்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது பாடசாலைகளில் ஒரு வகுப்பில் எத்தனை பாத்திமா, எத்தனை முஹம்மத் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும், ஏன் அனுமதி இலக்கம் வேண்டும் என்பது விளங்கிவிடும். வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவதால் இந்தப் பயன் கிடைப்பதில்லை.

இனி கணினி அறைக்கு வருவோம். பல பாடசாலைகளில் கணினி அறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. பழுதான கணினியைத் திருத்த நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்றும் பழுதாகிவிடும். வேலை செய்கிற ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள். அந்த மூவரில் மவுஸ் எப்போதும் ஒருவனுடைய கையில்தான் இருக்கும், அவனுக்கு வீட்டிலும் கணினி இருக்கும். கலவன் வகுப்பென்றால் பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே தெரிந்தவனுக்கே மேலும் பயிற்சி கிடைக்கிறது, தெரியாதவர் பாடவேளை முழுவதும் பார்வையாளர். ஆசிரியர் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் போதும். இதற்கு அமைச்சின் சுற்றுநிருபம் தேவையில்லை. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானப் பரிசோதனைக்குக் குழுப் பிரிப்பதைப் பற்றி நமக்கு மணிக்கணக்கில் கற்பித்தார்கள்; கணினி அறைக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஐ.சி.டி. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் நேரசூசியில் இடைவெளி உள்ள வேறு பாட ஆசிரியரிடம் இந்தப் பாடம் போய்ச் சேர்வதும் நடக்கிறது. அவர் என்ன செய்வார்? புத்தகத்தை வாசித்துக் குறிப்புக் கொடுப்பார்.

மொழி விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் புழங்கும் சொற்கள் பைல், போல்டர், பாஸ்வேர்ட். தமிழ் மொழிமூல வினாத்தாளில் கோப்பு, கோப்புறை, கடவுச்சொல். இது சமாளிக்கக் கூடியது. சிக்கல் வருவது யூடியூப் பார்த்துப் படிக்கும்போது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் "இரும எண்" என்பார்கள், நமது பாடநூலில் "துவித எண்". அங்கே "வாயில்", இங்கே "படலை". இரண்டும் ஒன்று என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை, வினாத்தாளில் படலை என்று கண்டதும் இது தான் படிக்காத பகுதி என்று நினைத்து விட்டுவிடுகிறது. காணொளி பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமது பாடநூல் சொல்லையும் அந்தச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு தாளைக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டி வைத்தால் போதும். இருமொழிக் கல்வியில் ஆங்கில மூலம் எழுதும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவர்களுக்குச் சில இடங்களில் வினாவின் வசனமே விளங்காமல் போவதையும் பார்க்கிறோம்.

ரியூசன் வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி மூன்று மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களை வரிசையாகச் செய்விப்பது நல்லதுதான். ஆனால் விடையை மட்டும் பார்த்து அடுத்த வினாவுக்குப் போவதால் மேற்சொன்ன பிழைகள் ஒன்றும் மாறுவதில்லை. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. எந்த வினாவை எத்தனை வீதமானோர் தெரிவு செய்தார்கள், எந்தப் பகுதியில் புள்ளி குறைந்தது, புள்ளி எப்படி வழங்கப்படுகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே பெறலாம். விலை கொடுத்து வாங்கும் எத்தனையோ வழிகாட்டிப் புத்தகங்களை விட இது பெறுமதியானது. நமது ஆசிரியர்களில் இதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதை வலய மட்டக் கூட்டங்களில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு பாடத்தில் எஸ் வந்தால் என்ன, உலகமா முடிந்துவிட்டது என்று சிலர் கேட்கலாம். உயர்தரத்துக்குத் தகுதி பெறுவதற்கு வேறு பாடங்கள் இருக்கின்றன, உண்மை. ஆனால் 2013இல் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட பின்னர், கலை, வர்த்தகம் என்ற இரண்டு வாசல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நமது பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் திறந்தது. அந்தப் பிரிவிலும் வேறு பிரிவுகளிலும் ஐ.சி.டி.யை ஒரு பாடமாக எடுக்கலாம். சாதாரண தரத்தில் எஸ் எடுத்த பிள்ளை அந்தப் பக்கமே போவதில்லை. "கம்பியூட்டர் எனக்குச் சரிவராது" என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நான்கு புள்ளிகளால் வந்த தீர்ப்பு அது, அதுவும் மீதிகளைத் திசைமாற்றி எழுதியதால், ஒரு சம அடையாளத்தை விட்டதால் போன புள்ளிகள்.

ஆகவே தரம் 9 முடியும்போது பாடத்தெரிவுப் படிவம் வீட்டுக்கு வந்தால் பெற்றோர் உடனே கையொப்பமிட்டு அனுப்ப வேண்டாம். பாடசாலைக்குப் போய் ஐ.சி.டி.க்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை பாடவேளை கணினி அறையில் நடக்கிறது, எத்தனை கணினி இயங்குகிறது என்று கேளுங்கள். தரம் 6இலிருந்தே இதற்குப் பாடநூல் இருக்கிறது. பிள்ளை அதை எந்த அளவுக்குப் படித்திருக்கிறது என்றும் பாருங்கள். விடைகள் திருப்தி இல்லையென்றால் வேறு பாடம் எடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

ஏற்கெனவே தெரிவு செய்து தரம் 11இல் இருக்கும் பிள்ளைகளுக்கு நோன்பு விடுமுறை நல்ல வாய்ப்பு. மற்றப் பாடசாலைகள் நடக்கும்போது நமது பாடசாலைகள் மூடியிருக்கும், கணினி அறையும் மூடியிருக்கும். ஆனால் பாய்ச்சற் கோட்டுப்படத்துக்கும் எண் மாற்றத்துக்கும் கணினி தேவையே இல்லை. ஸஹருக்குப் பிறகோ, அஸருக்குப் பிறகோ, நாளுக்கு ஒரு பாய்ச்சற் கோட்டுப்படம், இரண்டு எண் மாற்றம். ஒரு பென்சிலும் எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் போதும்.