சாம்பலுக்குச் சொந்தக்காரர் யார்?

விளக்கு எரிகிறது, ஆலைச் சக்கரம் சுழல்கிறது. அதற்காக வெந்து தணிந்த நிலக்கரி எங்கே போயிற்று என்று யாராவது கேட்டதுண்டா? ஒரு பங்கு புகையாய் வானுக்குப் போயிற்று. மறு பங்கு சாம்பலாய் நம் தலைமேல் இறங்கிற்று. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல்! நூறு வண்டி கரி எரித்தால் முப்பது வண்டிக்குக் குறையாமல் சாம்பல் அள்ள வேண்டும்.

அள்ளினார்களா? இல்லை. நீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைகளில் விட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து ஒழுகின. இறால் துள்ளிய உப்பங்கழியில் சாம்பல் சேறாய்ப் படிந்தது. வலையை நம்பிப் பிழைத்த மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினர். வடக்கே சிங்ரௌலியில், 2020 ஏப்ரல் 10 அன்று, சாசன் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து 6 உயிர்கள் போயின. விளக்கு எரிந்தது எங்கோ. விளக்கணைந்தது ஏழையின் குடிசையில்!

இத்தனைக்கும் இந்தச் சாம்பல் வெறும் குப்பையல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கருகே பொசுவோலி என்றோர் ஊர். அங்கே எரிமலை கக்கிய சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்துத்தான் பண்டை ரோமர்கள் துறைமுகம் கட்டினார்கள். எரிமலை செய்ததையே இன்று கொதிகலன் செய்கிறது. நுண்ணிய மணற்சத்தும் அலுமினியச் சத்தும் அதில் உண்டு. சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால் கல்லாய் இறுகும். அமெரிக்காவின் மொண்டானாவில் 1948 முதல் 1953 வரை கட்டிய பெரிய அணையில் இதைச் சிமெண்டோடு கலந்தார்கள். அந்த அணையின் பெயர் 'ஹங்ரி ஹார்ஸ்', அதாவது பசித்த குதிரை! பெயர் எப்படியோ, அணை நிற்கிறது.

இங்கே 1994-இல்தான் விஞ்ஞானத் துறையும் மின்துறையும் சுற்றுச்சூழல் துறையும் கைகோத்துச் சாம்பலுக்கென ஓர் ஆராய்ச்சித் திட்டம் வகுத்தன. காலந்தாழ்ந்த கைகோப்பு, ஆயினும் வரவேற்கத்தக்கது. ஒரு துறை தனியே செய்யக்கூடிய வேலையல்ல இது. சாம்பல் ஒருவரிடம், அறிவு ஒருவரிடம், தேவை வேறொருவரிடம் அல்லவா கிடக்கிறது?

இதற்கு விசாகப்பட்டினத்து ஆராய்ச்சியாளர்கள் பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் உருவாக்கிய செங்கல்லே சான்று. அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஒன்று. வெல்டிங் பட்டறைத் தோழர்கள் நன்கறிந்த அசிட்டிலீன் வாயுவைக் கார்பைடிலிருந்து எடுத்தபின் மிஞ்சும் சுண்ணாம்புச் சேறு இரண்டு. உரத்துக்கான பாஸ்பாரிக் அமிலம் காய்ச்சியபின் மலைமலையாய்க் குவியும் ஜிப்சம் மூன்று. மூன்று ஆலைகள் வேண்டாமென்று தள்ளிய மூன்று கழிவுகள்! கலந்து அச்சிலிட்டு, தண்ணீர் தெளித்துப் பதமாக்கினால் செங்கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வயலின் மேல்மண்ணை வெட்ட வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். 1996–97-இல் நாட்டில் விழுந்த சாம்பல் சுமார் 69 மில்லியன் டன். பயன்பட்டது நூற்றுக்கு 10 பங்குகூட இல்லை. 2021–22-இல் விழுந்தது 270 மில்லியன் டன். பயன்பட்டது நூற்றுக்கு 95-க்கு மேல் என்கிறது மத்திய மின்சார ஆணையம். கைதட்டலாம், தட்டுமுன் ஒன்று கேட்போம். பள்ளம் தூர்ப்பதும், பழைய சுரங்கத்தில் கொட்டுவதுங்கூட இந்தக் கணக்கில் 'பயன்'தானே? கல்லாய் மாறிய சாம்பல் எவ்வளவு, இடம் மாறிய சாம்பல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லட்டும்!

இன்னொரு கேள்வியும் உண்டு. குப்பையாய்க் கிடந்தவரை சீந்த ஆளில்லை. பொதுமக்கள் பணத்தில் ஆராய்ந்து அதற்கு மதிப்பு வந்ததும் பெரிய சிமெண்டு முதலாளிகளின் கை நீளாதா? பொசுவோலிச் சிமெண்டில் நூற்றுக்கு 35 பங்கு வரை சாம்பல் கலக்க விதியே இடந்தருகிறது. அந்த அளவுக்கு அவர்களுக்குச் செலவு மிச்சம்! சிறிய செங்கல் பட்டறைக்காரன் எங்கே போவான்? உலர்சாம்பலில் நூற்றுக்கு 20 பங்கையாவது செங்கல் செய்வோருக்கு இலவசமாய் ஒதுக்க வேண்டும் என்று 2009-இல் மத்திய சர்க்கார் ஆணை பிறப்பித்ததே இந்த அச்சத்தால்தான் என்பேன். ஏட்டில் எழுதியது பட்டறை வாசலுக்கு வந்ததா என்பதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

சாம்பலை லாரியில் ஏற்றும் தோழனின் நெஞ்சுக்குள் போகும் தூசுக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. முகமூடி, ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு: இவை சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதலில் நிற்கட்டும்.