காணியுறுதியும் தொகுதிச்சங்கிலியும்

யாழ்ப்பாணத்தார்க்குக் காணியென்பது வெறும் மண்ணன்று. முதுசமாய் வந்த வளவும், சீதனமாய்க் கொடுத்த தோட்டமும், தேடியதேட்டமாய் வாங்கிய வயலும் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே தாங்கி நிற்பன. காணிக்குப் பெயருண்டு, பரப்பும் குழியுமென அளவுண்டு, நாற்புறமும் எல்லையுண்டு, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காற் பாத்தியமும் உண்டு. இவையனைத்தும் உறுதி என்னும் பத்திரத்துள் அடங்கும். அப்பத்திரத்தின் செய்தியை எவரும் திருத்தவோ அழிக்கவோ அரிதாகும்படி கணினிகளில் எழுதிவைக்கும் புதுமுறையொன்று இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஆங்கிலத்திற் புளொக்செயின் என வழங்கும் அதனைத் தமிழில் தொகுதிச்சங்கிலி என்பர். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர், “ஐயா, இம்முறையால் ஊர்க்காணியை இங்கிருந்தே வாங்கலாமா? விற்கலாமா?” என என்னிடம் வினவினர். தமிழாசிரியனாகிய யான் கணினி வல்லுநனுமல்லேன், சட்ட அறிஞனுமல்லேன். எனினும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை அவர்க்கு விடையாக இங்கே தொகுத்துரைப்பேன்.

முதற்கண் நம்மிடத்துள்ள முறையை நோக்குவோம். போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் இந்நாட்டுக் காணிகளையும் அவற்றை உடையாரையும் தோம்புகளில் எழுதிவைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்கக் கையொப்பமிடப்பட்டாலன்றி வலிதாகாது என விதித்தது. அவ்விதி இன்றும் நிலவுகின்றது. இங்ஙனம் முடிக்கப்படும் உறுதியொன்று உரியவர் கையிற் சேரும். ஒன்று நொத்தாரிசிடம் இருக்கும். மற்றோர் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். ஒன்று அழியினும் ஏனைய இரண்டும் சான்று பகரும் என்பதே இதன் நோக்கம்.

இந்நோக்கத்தின் அருமையை யான் இளமையிலேயே கண்டேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது யான் பள்ளி மாணவன். எந்தையார் அரிசிப் பொதியை என் தோளில் ஏற்றிவிட்டு, உறுதிகள் வைத்த தகரப்பெட்டியைத் தாமே சுமந்தார். மழைநீர் ஊறி ஓர் உறுதியில் எழுத்துக்கள் யாவும் கலைந்துபோயின. ஊர் மீண்டபின் பதிவகத்திலிருந்த இணைப்பிரதியைக் கொண்டே அக்காணிக்கு அத்தாட்சிப் பிரதி பெற்றோம். ‘மூன்றில் ஒன்று பிழைத்தமையால் நாம் பிழைத்தோம்’ என எந்தையார் அடிக்கடி கூறுவார். அம்மூன்றும் அழிந்தோர் நிலை யாது என்பதைப் போர் கண்ட இம்மண்ணில் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தொகுதிச்சங்கிலியோ, அம்மூன்று பிரதிகளையும் பல நூறாகவும் ஆயிரமாகவும் பெருக்குவது. ஒரு கணக்கேட்டை எண்ணிக்கொள்க. அதன் ஒரு பக்கமே ஒரு தொகுதி. பக்கம் நிறைந்ததும், அதிலுள்ள எழுத்தெல்லாவற்றையும் ஒரு கணித விதிக்குட்படுத்தி ஒரு சுருக்கக்குறியைப் பெறுவர். இக்குறி மனிதனுடைய பெருவிரல் அடையாளம் போல்வது. பக்கம் எத்துணைப் பெரிதாயினும், வழக்கிலுள்ள விதியொன்றின்படி குறி 64 எழுத்துக்களுள் அடங்கும். பக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் குறி முழுவதும் வேறாகும். ஒரு பக்கத்தின் குறியை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதுவர். ஆகவே பத்தாம் பக்கத்தை இரகசியமாகத் திருத்தியவன் பதினோராம் பக்கத்தையும் திருத்தல் வேண்டும். அதன் பின்னுள்ள பக்கங்கள் யாவற்றையும் திருத்தல் வேண்டும். ஏட்டின் பிரதிகளோ பலர் கையில் உள்ளன. அவற்றோடு ஒப்பிட்ட அளவிற் களவு வெளிப்படும்.

இக்கருத்தின் வித்தினை ஸ்டூவட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெற்றா என்னும் இரு அறிஞர் 1991ஆம் ஆண்டில் ஊன்றினர். ஓர் ஆவணம் இன்ன காலத்தில் இருந்தது என நாட்டுதற்கு அவர்கள் வழி கண்டனர். 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான கட்டுரை அதனை வளர்த்துப் பிட்கொயின் என்னும் பணத்துக்கு அடிப்படையாக்கிற்று. பணக் கணக்குக்கு உதவிய முறை காணிக் கணக்குக்கும் உதவாதோ என்னும் எண்ணம் பின்னர் எழுந்தது.

ஜோர்ஜியா நாட்டின் பொதுப் பதிவேட்டு நிறுவனம் 2016ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி இவற்றுட் குறிப்பிடத்தக்கது. அங்கே காணிப் பதிவுகள் வழக்கம்போற் பதிவகத்திலேயே இருக்க, அவற்றின் சுருக்கக்குறிகள் மாத்திரம் சங்கிலியிற் பதியப்பட்டன. சுவீடனில் அரச நில அளவை நிறுவனம் அவ்வாண்டு முதலே சோதனைகள் நடத்திற்று. ஆயின் கையாற் கையொப்பமிட வேண்டும் என்னும் அந்நாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. அயலிலுள்ள ஆந்திரப் பிரதேசமும் 2017ஆம் ஆண்டில் தன் புதிய தலைநகர்க்குக் குறித்த அமராவதியில் இம்முறையைப் பரீட்சித்தது. இம்முயற்சிகளை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பதிவேடு முன்னரே ஒழுங்காயிருந்த இடத்திற் சங்கிலி அதற்குக் காவலாயிற்று. பதிவேடே ஒழுங்கற்ற இடத்திற் சங்கிலியால் ஆவது சிறிதே.

ஏனெனிற் சங்கிலி எழுதியதைக் காக்குமேயன்றி, எழுதியது மெய்யோ பொய்யோ என ஆராயாது. நம்மூரில் நிகழும் மோசடிகளை எண்ணுக. கடல் கடந்திருப்பவர் எழுதிக்கொடாத அற்றோணித் தத்துவம் தோன்றுகின்றது, இறந்தவர் கையொப்பமிடுகின்றார், ஐந்து உரிமையாளருள் ஒருவரை மறைத்து நால்வர் விற்கின்றனர், வேலி ஆண்டுதோறும் ஒரு முழம் நகர்கின்றது. பிரதியைத் திருத்தியதால் இவற்றுள் யாதும் நிகழவில்லை. முதலெழுத்தே பொய்யாக எழுதப்பட்டது. அப்பொய்யைச் சங்கிலியில் ஏற்றினால் அஃது அழியாத பொய்யாகும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டம், பதிவு செய்வதனால் ஆவணமொன்றின் குறை நீங்கிவிடாது என அந்நாளிலேயே தெளிவாகக் கூறிற்று. கணினி யுகத்திலும் அவ்வாக்கு பொய்யாகவில்லை.

இனி, காணியில் முதலிடுதல் பற்றிச் சிறிது கூறுவேன். ஒரு கட்டடத்தின் பெறுமதியைச் சிறுசிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கணினி வில்லை ஒன்றை வழங்கி விற்பது இப்புதுமுறையின் மற்றொரு பயனாகும். டுபாயின் காணித் திணைக்களம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தகைய பரீட்சார்த்தத் திட்டமொன்றைத் தொடங்கிற்று; அங்கே 2,000 திர்ஹம் கொண்டும் ஒரு வீட்டிற் பங்கு கொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. சிறு சேமிப்புடையார்க்கு இது நல்வாய்ப்பே. ஆயின் அவ்வில்லைக்கு வலிமை தந்தது கணினியன்று. அதன்பின் நின்ற அரச திணைக்களமே.

நம் நாட்டில் நிலை வேறு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கற் சட்டம் இயற்றப்பட்டபொழுது காணி விற்பனையை அதன் ஆட்சிக்குப் புறம்பே வைத்தனர். எனவே எவரேனும் ‘உங்கள் ஊரிற் பத்துப் பரப்புக் காணியின் வில்லை இதோ’ என விற்பின், வாங்கியவர் கையில் வில்லை இருக்கும். நொத்தாரிசு உறுதியின்றிக் காணியுரித்து வந்தடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழி இதற்கே தகும்.

அன்றியும், பங்குக்காணி நமக்குப் புதிதன்று. பதினாறில் ஒரு பங்கு, நூற்றுநாற்பத்துநான்கில் ஐந்து பங்கு என எழுதிய உறுதிகளை இங்கே பலர் கண்டிருப்பர். பங்கு சிறுத்து அந்நியர் புகுந்தால் அயலும் உறவும் கெடும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் தொகுத்த தேசவழமையும், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச்சட்டமும் இதற்குச் சான்று. பின்னைய சட்டத்தின்படி, காணியை விற்க எண்ணுவோன், தன்னோடு கூட்டுரிமையுடையார்க்கும் தனக்கு உரிமைக்காரராகத் தக்கார்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். ஒரு நொடியிற் கைமாறும் வில்லையோ, உறவையும் அயலையும் அறியாது. விரைவு வாணிகத்துக்கு நன்று. குடியிருப்புக்கு எப்பொழுதும் நன்றாகாது.

ஆதலின் யான் இப்புதுமையை வெறுக்கின்றேனோ எனின், அன்று. செய்யவேண்டுவது முறையே செய்யப்படல் வேண்டும் என்பதே என் கருத்து. முதலிற் காணியை அளந்து எல்லை காணல். அடுத்து உரிமைக்காரர் அனைவரையும் விசாரித்து உரித்தை நிலைநாட்டல். அதன்பின் அவ்வுரித்தை அழியா ஏட்டில் ஏற்றல். முதலிரண்டையும் அரசே நின்று முடிக்கும் முறையை றொபேட் ரொறன்ஸ் என்பார் 1858ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவில் நிறுவினார். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அவ்வழியைத் திறந்தது. அவ்வழியில் ஒவ்வொரு காணியும் தெளிவு பெற்றபின் சங்கிலி வருமாயின், தகரப்பெட்டி சுமந்து ஓடும் அவலம் எந்தத் தந்தைக்கும் நேராது. அந்த ஏட்டின் பிரதிகள் ஓர் அலுவலகத்துள் மாத்திரம் அடங்காது, ஒன்றையொன்று சாராத பலரிடத்தும் இருத்தல் வேண்டும். அன்றேல் அது சங்கிலியென்னும் பெயர்பூண்ட பழைய ஏடே.

அதுவரை, கடல் கடந்துள்ள அன்பர் செய்யத்தக்கன சில. உறுதியின் பிரதியையும் நில அளவைப்படத்தையும் தேடி வைத்துக்கொள்க. பதிவகத்திற் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்ப்பித்து, வேறு உறுதி ஏறியிருக்கின்றதோ என அறிக. உடன்பிறந்தார், அவர்தம் மக்கள் ஆகியோர் பெயர்களை ஒரு தாளில் முறையாக எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டுக. அற்றோணித் தத்துவம் கொடுப்பின் எல்லை வகுத்துக் கொடுக்க. தேவை தீர்ந்ததும் மீட்டுக்கொள்க.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவருட் கணினி கற்பாரும் சட்டம் கற்பாரும் உளர். அவ்விரு கல்வியும் நம் காணி வழக்கையறிந்து ஒன்றுகூடுமாயின் நல்லதொரு பதிவேடு இம்மண்ணில் உருவாகும். ஆயினும் அதன் முதல் வரியை எழுதுபவன் மனிதனே. அவன் மெய்யெழுதினாலன்றி எந்தச் சங்கிலியும் காணியைக் காவாது.