பாவும் ஊடையும் போல

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையில் வண்டிகள் ஓயா. பேரருவியில் நீராடித் திரும்புவோர், உடம்பு குளிர்ந்தது என்பதோடு மனமும் தெளிந்தது என்பர். உடலையும் உள்ளத்தையும் பிரிக்காத இவ்வழக்கை, நாட்பட்ட நோய் வந்தவுடன் நாம் மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆடியில் தணிக்கையின் பொருட்டுத் தென்காசிப் பக்கம் சென்றிருந்தபோது, முதிய நெசவாளர் ஒருவரைக் கண்டோம். நாற்பதாண்டுகள் குழித்தறியில் நெய்தவர். நீரிழிவினால் பாதம் மரத்திருந்தது. மிதி உராய்ந்து புண்ணானதும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பின்னரும் மறைத்தார். சங்கத்தில் பாவு தர மறுத்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். "தறியை விட்டால் நான் யார், ஐயா?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடையில்லை.

வீடு தேடி வந்த செவிலியர் புண்ணைக் கட்டியதோடு நிற்கவில்லை. "அண்ணாச்சி, தறியில் எப்படி உட்காருவீர்கள்? காட்டுங்கள்" என்றார். பிறகு, புண் ஆறும்வரை அக்காலை ஊன்றலாகாது என்றும், நாள்தோறும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சங்கத்தாரிடமும் பேசினார். அவர்கள், உட்கார்ந்தபடியே துணியின் தரம் பார்க்கும் பணியை முதியவருக்கு அளித்தனர்.

சில மாதங்களில் புண் ஆறியது. வேலை கிடைத்ததனால் ஆறிற்று என்று நாம் கூறோம். மருந்தும் கட்டும் ஓய்வுமே ஆற்றின. ஆனால் அச்சம் நீங்கியபின்தான் அவர் காலை மறைக்காமல் காட்டினார். மாத்திரையையும் தவறாது உண்டார்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், உடலை ஓர் இயந்திரம் போலவும், உள்ளத்தை அதனின் வேறான பொருளாகவும் கொண்டார். மருத்துவமும் நெடுங்காலம் அவ்வழியில் சென்றது. அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர், ஜூடித் ரூபெலுடன் இணைந்து 1989-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். உறுப்பில் நேர்ந்த கேடு ஒன்று. அக்கேட்டோடு மனிதன் வாழும் வாழ்வு மற்றொன்று. செவிலியர் இரண்டையும் அறிதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. கைத்திறன் என்பது உடலிலேயே ஊறிய அறிவு என்றும் விளக்கினர். நாடா எறியும் கைக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

நமக்கும் இது புதிதன்று. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து துணை செய்பவரையும் வள்ளுவர் எண்ணியுள்ளார். தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் இல்லத்திற்கே மருந்தைக் கொண்டு சென்றது. மருந்து வாசல்வரை வரும். அச்சத்தைப் போக்குவது உடனிருப்போர் கடமை.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒருவர் நோயுற்றுத் தறியை விட்டும் வயலை விட்டும் விலகினால், அவர் வீட்டிற்கு ஒருமுறை சென்று வாருங்கள். தார் சுற்றுதல், கணக்கு எழுதுதல் போன்ற இயன்ற பணியைத் தாருங்கள். பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. மனிதனும் அவ்வாறே.