துளசிப் பூவில் ஒரு மில்லிமீட்டர்

கனகம்மாசத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். திருத்தணியில் தாலி கட்டிக்கொள்ளும் ஜோடிகளைப் படமெடுப்பது பிழைப்பு. முகூர்த்தமில்லாத காலைகளில் பூச்சிகளைப் படமெடுக்கத் துளசிச் செடியடியில் உட்கார்ந்திருப்பேன்.

பூச்சியை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும், விலை அதிகம். பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டினால் ஏறத்தாழ அதே உருவம் கிடைக்கும். ஆனால் பூச்சிக்கு விரல் நீளத் தூரத்துக்குள் போயாக வேண்டும். அந்த நெருக்கத்தில் எஃப்8 வைத்தாலும் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் இறக்கை மங்கும். மூச்சை அடக்கி, உடம்பையே ஒரு நூல் முன்னே சாய்த்துத்தான் ஃபோகஸ் பிடிக்கிறேன். பிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டாவிட்டால் வண்டின் முதுகில் வெளிச்சம் வெள்ளையாகத் தெறித்துவிடும்.

லெவன் பிஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இந்தக் குறையைத் தாண்ட ஒவ்வொரு பூச்சிக்கும் சுமார் 8,000 படங்கள் எடுத்துச் சேர்த்து, 2016ல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். அபாரமான வேலை. ஆனால் அவை பாடம் செய்த பூச்சிகள். உயிருள்ளதை அசையாமலிருக்கச் சிலர் ஃபிரிட்ஜில் வைத்தெடுக்கிறார்கள், அது கொடுமை. விடியலில் பனியோடு போனாலே போதும், வெயில் ஏறும்வரை அவை மந்தமாகத்தான் இருக்கும்.

துளசிப் பூவுக்கு மேலே அந்தரத்தில் நின்று பறக்கும் மஞ்சள் பட்டை ஈயைப் பலரும் குளவி என்றே விரட்டுவார்கள். படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்: குளவிக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டு, மீசையும் குட்டை. கொட்டவே கொட்டாது. அதைவிட முக்கியம், அதன் புழு. அவரைக் கொடியில் கறுப்பாக அப்பிய அசுவினிக்கு நடுவே காலில்லாத அந்தப் புழு, ஓர் அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சுவது என் படமொன்றில் அப்படியே விழுந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, அவரையெல்லாம் பூச்சி, மருந்து அடிச்சிடட்டுமா?" என்று கேட்டபோது கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் காட்டினேன். மருந்து அடித்தால் அசுவினியோடு இந்தப் புழுவும் சாகும். "இது நம்ம ஆளுக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறிவண்டின் புழுவும் அசுவினி தின்பதுதான். முள்ளு முள்ளாகக் கறுத்திருப்பதால் அதையும் நசுக்கிவிடுகிறார்கள். அதன் படத்தையும் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டப்போகிறேன்.