அடையாற்றில் படகு விட ஆசையா? உஷார்!

சென்னை நடுவே ஓடும் அடையாற்றில் 'கயாக்' படகில் ஒரு ரவுண்டு போக ஆசையா? அங்கே துடுப்பு போடுவது புதிதல்ல. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பார் இன்றும் போடுகிறார்கள்.

ஆனால், இஷ்டத்துக்கு இறங்கினால் ஆபத்து! திரு.வி.க. பாலம் தாண்டினால் முகத்துவாரம். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் படகை அந்தப் பக்கமே இழுக்கும். தெம்பு இருக்கும்போதே ஓட்டத்தை எதிர்த்து மேற்கே கோட்டூர்புரம் பக்கம் போய், களைத்த பிறகு ஓட்டத்தோடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

சாக்கடை கலந்த தண்ணீர் வேறு. காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு. லைப் ஜாக்கெட் கட்டாயம்.

மழைக்காலமா? நினைக்கவே வேண்டாம்! 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்தபோது கரையோர வீடுகள் மூழ்கியது மறக்குமா? "ஏரி திறந்தாச்சா?" என்று விசாரித்த பிறகே துடுப்பைத் தொடுங்க!